பெயர் சொல்லி அழைத்தவள்

தை மாதம், செவ்வாய்க்கிழமை. காலை ஆறு பத்து: மனைவி குசினியில் மயங்கி விழுந்தாள். ஆறு ஐம்பது: ஓட்டோவில் வைத்தியசாலை. ஒன்பது மணி: மூளையின் இடப்புறத்தில் இரத்தக் கசிவு என்று வைத்தியர் சொன்னார். மறுநாள் கண் விழித்தாள், பேச்சு இல்லை. பதினோராம் நாள் மாலை முதற்சொல் வந்தது. அது என் பெயர்.

நாற்பத்திரண்டு ஆண்டு மணவாழ்வில் அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை. வீட்டில் நான் ‘இஞ்சாருங்கோ’. கணவர் பெயர் என்னவென்று கிராம அலுவலரான விதானையார் கேட்டால் என் அடையாள அட்டையை நீட்டிவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்படிப்பட்டவள் வைத்தியசாலை வாட்டின் மறுகோடிக்குக் கேட்கும்படி, மரியாதை விகுதி எதுவும் இல்லாமல், என்னை அழைத்தாள். தேங்காய், பூட்டுத் திறப்பு, குடை எதற்கும் சொல் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் என் பெயர்தான்.

மகள் பட அட்டைகள் செய்து அவளைப் பழக்கினாள். என் புகைப்படத்தைக் காட்டி, “அம்மா, பேர் சொல்லக்கூடாது. இஞ்சாருங்கோ எண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்பாள். இவள் படத்தைக் கூர்ந்து பார்த்து, முன்னதைவிட உரத்துப் பெயரையே சொல்வாள்.

மகளின் கவலை சொல்லைப் பற்றியது. என் கவலை வேறு. ‘நான்’ என்பது யாது என்று முப்பது ஆண்டுகள் மாணவர்க்குத் தத்துவம் கற்பித்தவன் நான். ஆயினும் என்னை அழைப்பது என் மனைவியா, அவளுடைய கட்டுப்பாட்டை அறுத்துவிட்ட காயமா என்பதை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. காயம்தான் என்றால் அந்த அழைப்பில் நான் மகிழ்வது அவளுக்குச் செய்யும் துரோகம். மகிழ்ந்தேன் என்பதை மறுப்பதற்கில்லை.

இணுவிலில் தேர்த் திருவிழாவன்று அவளை நிழலில் கதிரை போட்டு இருத்திவிட்டு, தண்ணீர்ப் பந்தலுக்கு மோர் வாங்கப் போனேன். பின்னாலிருந்து என் பெயர் வீதி முழுவதும் கேட்டது. பழைய மாணவர் பலர் திரும்பிப் பார்த்தனர். அருகில் நின்ற நண்பர், இளைப்பாறிய தபாலதிபர், “உமக்கு உப்பிடியொரு பேர் இருக்கெண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன். ஓடும், ஓடும், வீட்டு ஓடர் வந்திட்டுது” என்றார். மோரைச் சிந்திக்கொண்டு ஓடினேன்.

ஐப்பசியில் ‘இஞ்சாருங்கோ’ திரும்பி வந்தது. மகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நல்லது என்றேன். மூன்று நாள் என் பெயர் வீட்டில் ஒலிக்கவில்லை. நான்காம் நாள், மகள் வேலைக்குப் போன பிறகு, பத்திரிகை படித்துக்கொண்டிருந்த என் முன் தேநீரை வைத்து மெல்ல அதைச் சொன்னாள். நிமிர்ந்தேன். கண்ணில் குறும்பு தெரிந்தது.

“உது மூளை வருத்தத்தாலை வாறதோ?” என்றேன்.

சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். “முதல்... தெரியாமல். இப்ப... தெரிஞ்சு.” தேநீரை என் பக்கம் தள்ளி, “வாய்க்கு ருசி” என்று சேர்த்தாள்.

அதன்பின் பிறர் முன்னால் ‘இஞ்சாருங்கோ’, தனித்திருக்கையில் பெயர். போன சித்திரையில் அவள் இறக்கும்வரை, பதினெட்டு மாதம், அப்படி அழைக்கப்பட்டேன்.

செய்யாமல் விட்டவை:

பட அட்டைகளை மற்ற நோயாளருக்கென வாட்டுக்குக் கொடுத்தல்.

அந்தப் ‘பிழை’ கடைசிவரை திருந்தவில்லை என்பதை மகளுக்குச் சொல்லுதல்.

நான் அவளை எப்போதும் அழைத்த ‘இஞ்சாரும்’ என்பதை விட்டு, ஒருமுறையாவது, வீதிக்குக் கேட்கும்படி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுதல்.