பால் மறக்கடித்து ஏறிய விமானம்

என் மகனுக்குத் தொண்டை பெரிசு. பாகூரில் எங்கள் களத்து மேட்டில் உட்கார்ந்து அவன் அழுதால் குருவிநத்தத்துக்குக் கேட்கும் என்று அறுப்புக்கு வந்த பெண்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். திறந்தவெளியில் பிள்ளை அழுதால் சத்தம் ஏரிப் பக்கம் போய்விடும், யாருக்கு என்ன நஷ்டம். அதே தொண்டையை ஒரு விமானத்துக்குள் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. சிப்பாயை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, ஆனால் அவர் வேலை அவர்களோடுதான். ஆப்பிரிக்காவில், ஜிபுத்தியில் இருந்தார். மகன் என் வயிற்றில் இருந்தபோது கப்பலேறியவர். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, வாய் நிறையக் கத்தவும் கற்றுக்கொண்டான், அப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை. எங்களைக் கூப்பிட்டுக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்த நேரம் பார்த்து சூயஸில் சண்டை வந்து கப்பல் போக்குவரத்து தாறுமாறாகிவிட்டது. கடைசியில் பட்டாளத்துக்காரர்களே விமானத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார்கள். சென்னையில் ஏறி, பெங்களூரில் சற்று நின்று, பம்பாய். அங்கே பெரிய விமானத்துக்கு மாற வேண்டும். அதைத் தவறவிட்டால் இடம் போனது போனதுதான், மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அதற்குள் தன்னை வேறு எங்காவது மாற்றினாலும் மாற்றிவிடுவார்கள் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். மாமியார் வீட்டில் புருஷன் இல்லாமல் இன்னும் எத்தனை பொங்கல் வைப்பது என்று எனக்கும் வெறுத்துப் போயிருந்தது.

விமானத்தில் போகிறாள் என்றதும் ஊரில் ஆளுக்கு ஒரு யோசனை. அதில் ஒரு யோசனைதான் என் தலையில் விடிந்தது. சொன்னவர் என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"ஏரோப்ளேன்ல பேண்ட்டு போட்டவனுங்க நடுவுல மாராப்ப வெலக்கினு குந்துவியாடி நீ? எந்தம்பி மானம் இன்னாத்துக்கு ஆவறது? புள்ளைக்கு ஒண்ணரை வயசாவுது. போறதுக்குள்ள பால மறக்கடிச்சுடு."

"அவன் பால் இல்லாம தூங்க மாட்டான் அண்ணி."

"எல்லாப் புள்ளையும் அப்படித்தான். வேப்பலய அரைச்சுத் தடவு, தானா மறந்துடும்."

எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் பால் மறக்கடிப்பது. மூத்தவள் என் மகளுக்கும் செய்திருந்தேன், அவள் ஒரு நாள் முகத்தைச் சுளித்துவிட்டுச் சோற்றுக்கு வந்துவிட்டாள். இவன் அவ்வளவு லேசில் விடவில்லை. முதல் தடவை வாயை வைத்தான், உடம்பெல்லாம் குலுங்கக் கசப்பைத் துப்பினான், என்னைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில், ஆச்சரியம்தான். கொஞ்ச நேரம் கழித்து, இப்போது சரியாகியிருக்கும் என்று நினைத்தவனைப் போல மறுபடி வந்தான். மறுபடியும் கசப்பு. அந்த வாரம் முழுக்க இப்படி வந்து வந்து பார்த்தான். பிறகு ஒரு நாள் அவனே மாராப்பை விலக்கி, பச்சையாக இருப்பதைப் பார்த்து, "ச்சீ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

"பாத்தியாடி, எவ்வளோ கெட்டிக்காரன்" என்று அண்ணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கிடந்தது. பால் வற்றட்டும் என்று மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி, அந்தக் கட்டோடுதான் மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன்.

என் அண்ணன் வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போனார். விமானத்துக்குள் போனதும் ஒரு பணிப்பெண் தட்டில் பெப்பர்மின்ட்டும் பஞ்சும் கொண்டுவந்தாள். தமிழ் பேசும் பெண். மிட்டாயை வாயில் போட்டுச் சப்புங்கள், பஞ்சைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே போகும்போது காது அடைக்கும் என்றாள். ஐந்து வயது மகள் மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்தாள். மகன் மிட்டாயைத் துப்பினான், பஞ்சைப் பிடுங்கி எறிந்தான்.

விமானம் எழும்பியதும் ஆரம்பித்தான். முதலில் சிணுங்கல், பிறகு அழுகை, பிறகு எனக்கே தெரியாத ஒரு வீறல். இஞ்சினின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. கிலுகிலுப்பையை ஆட்டினேன், தட்டிவிட்டான். பொரி உருண்டையைக் காட்டினேன், தலையைத் திருப்பிக்கொண்டான். தோளில் போட்டுக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவில் இருந்த சின்ன வழியில் நடந்தேன். விமானம் ஒரு குலுக்குக் குலுக்க, யாரோ ஒருவர் மடியில் போய் விழப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். சிகரெட் புகை வேறு.

எனக்குப் பின்னால் கோட்டு போட்ட ஒருவர் இருந்தார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ, புரிய வேண்டும் என்று நினைத்தாரோ, தமிழிலும் சொன்னார்.

"குழந்தையை அடக்கத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு பிளேன்ல வர்றாங்க? ரயில்ல போக வேண்டியதுதானே."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஜிபுத்திக்கு ரயில் உட்டா போறேங்க. உங்க அம்மா மட்டும் உங்கள வாய்ல துணிய வச்சா வளத்தாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் அது தப்பாகப் போயிற்று என்று தெரிந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. பணிப்பெண் முன்பக்கம் போய் விமானம் ஓட்டுகிறவரோடு பேசிவிட்டு வந்தாள். என் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, குழந்தைக்கு ஒடம்பு சரியில்லையோன்னு கேப்டன் சந்தேகப்படறார். இதே மாதிரி அழுதுட்டிருந்தா பெங்களூர்ல டாக்டர்கிட்ட காட்டணும். டாக்டர் பாத்து அனுப்பறவரைக்கும் பிளேன் காத்திருக்காது."

"காத்திருக்காதுன்னா?"

"நீங்க அடுத்த பிளேன்ல வரணும்."

"அடுத்தது எப்பங்க?"

"நாளைக்கு."

அன்று மாலையே பம்பாயில் பெரிய விமானம். நாளைக்கு நான் பம்பாய் போய் என்ன செய்வது, கடலைப் பார்ப்பதா? மகளை ஒரு கையிலும் இவனை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில், பணம் அனுப்பக்கூட ஆள் இல்லாமல் எப்படி நிற்பது? அதைவிட, பாகூருக்குத் திரும்பி வந்து நிற்கும் என்னை நானே பார்த்துவிட்டேன். ஜிபுத்தியில் அவர் விமானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இறங்குகிறவர்களில் நாங்கள் இருக்க மாட்டோம்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லங்க" என்று கெஞ்சினேன். "நல்லாத்தான் இருந்தான்."

அவள் பிள்ளையைப் பார்த்தாள். அவன் காதைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "காதுவலிதாம்மா இது. பெரியவங்களுக்கே தாங்காது. பால் குடிக்கிற பிள்ளைதானே, பால் குடுங்க. முழுங்க முழுங்க அடைப்பு விட்டுடும். இவ்வளவு நேரம் ஏன் குடுக்கல?"

விமானத்தில் பால் கொடுக்கக் கூடாது என்றுதான் ஒரு வாரம் அவனை அழவிட்டேன். இப்போது விமானத்தில் பால் கொடுத்தால்தான் அவன் அழுகை நிற்கும் என்கிறாள். அண்ணிமேல் கோபம் வந்தது. விமானத்தில் காலே வைக்காதவர்கள் சொன்னதைக் கேட்டு ஆடினேனே என்று என்மேலும் வந்தது.

"பால் மறக்கடிச்சுட்டேங்க. போன வாரந்தான்."

"கொஞ்ச நேரத்துல கீழ எறங்க ஆரம்பிச்சுடும்மா. அப்பதான் வலி ரொம்ப ஜாஸ்தியா இருக்கும். எப்படியாவது குடுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புடவைக்குள் கையை விட்டுக் கட்டை அவிழ்த்தேன். அவன் அழ அழ எனக்குப் பால் சுரந்து துணி ஏற்கெனவே நனைந்திருந்தது. அவனை மடியில் கிடத்தி மார்போடு அணைத்தேன். வாய் பட்டதுதான் தாமதம், தீயைத் தொட்டவனைப் போலத் தலையைப் பின்னுக்கு இழுத்தான். இரண்டு கையாலும் என்னைத் தள்ளினான். "ச்சீ, ச்சீ" என்று அலறினான். மாராப்பு நழுவியது. பக்கத்து வரிசையில் இருந்தவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் கூசியது உண்மை. ஆனால் என் பிள்ளை என்னைத் தள்ளியதுதான் வலித்தது. அழுதுவிட்டேன்.

விமானம் சாய்ந்தது. என் காதிலேயே குத்து வலி எடுத்தது. இறங்க ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது. அவனுக்கு அழ மூச்சுப் போதவில்லை, முகம் நீலம் பாரித்துக் குரல் உடைந்து உடைந்து வந்தது.

முன்னால் மடக்குப் பலகையில், பணிப்பெண் கொடுத்து நான் குடிக்காமல் விட்ட டீ இருந்தது. எடுத்துப்போகக் கை நீட்டினாள் அந்தப் பெண். "இருங்க" என்று கோப்பையைப் பிடித்துக்கொண்டேன். அடியில் சர்க்கரை கரையாமல் தங்கியிருந்தது. அதை விரலால் வழித்து அவன் உதட்டில் தடவினேன். நக்கினான். அழுகைக்கு நடுவில் இன்னொரு தடவை நக்கினான். மறுபடி வழித்தேன், இந்தத் தடவை மார்பில் தடவிக்கொண்டேன். யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை. வேப்பிலையைத் தடவிய அதே கைதான்.

அவன் உடனே வரவில்லை. நாக்கின் நுனியால் தொட்டான், பின்வாங்கினான், காத்திருந்தான். கசப்பு பிறகு வரும் என்று காத்திருந்தான் என்றுதான் எனக்குப் பட்டது. வரவில்லை. இன்னொரு தடவை தொட்டான். அசையவே பயமாக இருந்தது. பிறகு மெல்ல வாயை வைத்தான். ஒரு மிடறு. இன்னொரு மிடறு. அவன் உடம்பு விறைப்பு தளர்ந்து என் கையில் கனமாக விழுந்தது. காதைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது.

சக்கரம் தரையில் இடித்தபோதுகூட அவன் விடவில்லை. கதவு திறந்து, கழுத்தில் குழல் தொங்க டாக்டர் ஒருவர் ஏறி வந்தார். எந்தக் குழந்தை என்று கேட்டிருப்பார். பணிப்பெண் எங்களைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் குனிந்து பார்த்தார். பிள்ளை குடிக்கும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். நான் மாராப்பை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை, மூடினால் அவன் விட்டுவிடுவானோ என்று பயம். அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அவர் தலையாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். "போகலாம்னு சொல்லிட்டார்மா" என்றாள் அந்தப் பெண்.

விமானம் மறுபடி எழும்பியது. ஒரு பக்கம் வற்றியதும் மறுபக்கம் மாற்றினேன், மாற்றும்போது என் புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். எப்போதும் பால் வாயில் பட்டதும் கண் சொருகிவிடும் பிள்ளை அவன். அன்று பம்பாய் வரும்வரை அவன் கண்ணை மூடவில்லை. குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் எப்போது மறுபடி ஏமாற்றுவேன் என்று.