இரண்டு நாற்பத்தொன்று

ஒரு காலத்தில் ராஜாக்கள் ஆண்ட தலைநகரம். கப்பல் கப்பலாகச் சரக்கு வந்திறங்கிய ஊர். இன்று வேலியும் டிக்கெட் கவுண்டரும் போட்ட இடிபாடு. அங்கே சுங்க வாசலைப் பிரித்து, அடித்தளத்தைப் பலப்படுத்தி, திரும்பக் கட்டும் வேலை. பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதுபவர்தான் நம்ம நம்பர்காரர். இருபது வருடத்தில் ஒரு எண் பிசகியதில்லை. சாப்பிடும்போதுகூட மனிதர் கவளத்தை எண்ணுவார் என்று கேலி பேசுவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் கோட்டை விட்டார். அறுபதாம் கல்லை எழுதி நிமிர்ந்த நேரம், சுவரிடுக்கில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தவள், அவர் நாலு மாதத்துக்கு முன் கேட்ட கேள்விக்குச் சரி என்றாள். கட்டிக்கொள்ளச் சம்மதம்! மேஸ்திரி அவளுடைய அண்ணன், முன்கோபி. அவரிடம் தானே பக்குவமாகச் சொல்லும்வரை மூச்சுவிடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். நாற்பத்தெட்டு வயதுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. விசிலடித்துக்கொண்டே மறுபடி நாற்பத்தொன்றில் ஆரம்பித்து அறுபதுவரை எழுதித் தள்ளிவிட்டார்.

திரும்பக் கட்டும்போது குட்டு வெளிப்பட்டது. புல்தரையில் கிடந்த கற்களில் இருபது ஜோடி இரட்டைப்பிள்ளைகள். பிரிக்கும் முன் எடுத்த போட்டோக்களிலோ எல்லாக் கல்லும் ஒரே சாயல். சாரத்தில் நின்ற மேஸ்திரி, "யோவ், எந்த நாப்பத்தொண்ணுய்யா மேல வரணும்?" என்றார். காரணம் சொல்லாவிட்டால் இன்றோடு வேலை இல்லை என்றார் தொல்லியல் துறை அதிகாரி. நம்பர்காரர் வாயே திறக்கவில்லை. வேலை போனால் போகட்டும், சத்தியம் சத்தியம்தான். ஆனால் பாழாய்ப்போன உதடு மட்டும் அடங்காமல் இளித்தது. அதைப் பார்த்து அதிகாரிக்கு இன்னும் கோபம் ஏறியது.

அவள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வந்தாள். பதினோரு வருடமாக அந்த வாசலின் ஒவ்வொரு இடுக்கிலும் விரலை விட்டவள். எறும்பு குடியிருந்த கல் மேலே, தன்னைப் படாதபாடு படுத்திய வேரின் தழும்புள்ள கல் கீழே என்று மளமளவென நாற்பதையும் பிரித்துக் காட்டினாள். பிறகு அதிகாரியிடம் திரும்பினாள்.

"அவர் மேல தப்பில்ல சார். அறுபது எழுதின நேரத்துலதான், அவரைக் கட்டிக்கிறேன்னு நான் சொன்னேன்."

அதிகாரி சிரிப்பை அடக்க இருமினார். வேலையைப் பற்றிப் பிறகு பேச்சே எடுக்கவில்லை. எல்லாரும் சாரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மேஸ்திரி தங்கையைப் பார்த்தார், நம்பர்காரரைப் பார்த்தார், கரணையைச் சாந்துச் சட்டியில் போட்டார்.

"இளிச்சது போதும், மாப்பிள்ளை. அந்த நாப்பத்தொண்ணை இப்படித் தள்ளுங்க."