ஏரித் தண்ணீருக்கு ஒரு லத்தீன் வரி

"புரட்டாசி மூன்றாம் சனி. ஏழாம் பாடம். உழவன் சிறுமிக்குத் தண்ணீர் கொடுக்கிறான். மூன்று பிழை."

என் பயிற்சி நோட்டில் உள்ள குறிப்பு இது. ஓய்வுபெற்ற பிறகு, காஞ்சிபுரத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு தொடக்கநிலை நூலை வைத்துக்கொண்டு நானாகவே லத்தீன் படித்துவந்தேன். நான் முணுமுணுப்பதை என் மனைவி வயலில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதைக் கேட்டுவிட்டுத்தான், எங்கள் நிலத்தில் நடவு நடும் அம்மா அன்று மாலை வீட்டுக்கு வந்தார்.

அவருடைய கணவர் எங்கள் ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று தண்ணீர் விட்டவர். அவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கல்லறைத் திருநாளுக்குள் கல் நாட்ட வேண்டும், அதில் லத்தீனில் ஒரு வரி வேண்டும் என்றார் அந்த அம்மா. நான் ஏழாம் பாடத்தில்தான் இருக்கிறேன், தமிழில் வெட்டினால் எல்லாரும் படிப்பார்களே என்றேன்.

"படிச்சிட்டு போய்க்கினே இருப்பாங்க சார். கல்லறத் தோட்டத்துல அந்த வெள்ளக்கார சாமியாரோட லத்தீன் கல்லாண்ட பாருங்க. புரியாதங்காட்டி நின்னு, இன்னா எழுதிகீதுன்னு கேக்கறாங்க. கேட்டா நான் சொல்லுவேன்ல?"

பாடத்து வாக்கியத்தையே இறந்தகாலத்துக்கு மாற்றி, 'எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்' என்று எழுதி, மறுவாரம் பொருள் சொன்னேன். அந்தப் புத்தகத்து உழவன் நிலத்துக்காரனா, கூலியா என்று கேட்டார். புத்தகத்தில் அது இல்லை என்றேன்.

"தண்ணி குடுக்கறது ஏரி சார். அவரு பங்கு போட்டாரு. எல்லாருக்கும் சமமா போட்டாரு. அத எழுதுங்க."

பங்கிடுவதற்கான வினைச்சொல் இன்னும் பல பாடங்கள் தள்ளி இருந்தது. நடுவில் உள்ளவற்றைத் தாண்டிப் போய்த் தேடினேன். குருமடத்தில் லத்தீன் கற்பித்து ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியதில் ஒரு விகுதியைத் திருத்தினார். 'தண்ணீரை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டார்' என்ற அந்த வரியின் எழுத்துகளைக் கல்வெட்டுபவர் படம் வரைவதுபோலப் பார்த்துப் பார்த்து வெட்டினார்:

AQUAM OMNIBUS AEQUE DIVISIT

கல்லறைத் திருநாளன்று, சாலவாக்கத்திலிருந்து மெழுகுவத்தி ஏற்ற வந்த ஒரு குடும்பம் கல்லின் முன் நின்று இது என்ன என்று கேட்டது. அந்த அம்மா அவசரப்படாமல் சொன்னார். ஏரி பாதிகூட நிரம்பாத ஆண்டு. மதகை ஒட்டி நிலம் வைத்திருந்த தலைமடைக்காரர்கள் மதகடியில் வந்து சத்தம் போட்டார்கள். கணவர் அசையவில்லை. தலைமடைக்கு எவ்வளவு நேரம் விட்டாரோ அவ்வளவு நேரம் வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடைக்கும் விட்டார். எங்கள் நிலம் தலைமடையில் இருக்கிறது. தலைமடைக்காரர்களைப் பற்றிச் சொல்லும்போது அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார். அந்த ஆண்டு நான் வெளியூரில் வேலையில் இருந்தேன்.

வாக்கியத்தின் இலக்கணம் சரிபார்க்கப்பட்டது. அந்த ஆண்டு கடைமடைக்கும் சமமாகத் தண்ணீர் போனதா என்பது சரிபார்க்கப்படவில்லை. அப்போது அங்கே பயிர் வைத்திருந்த இரண்டு குடும்பங்களும் இன்று ஊரில் இல்லை.