பீஃப் ஆலிவுக்கு உப்புப் பார்த்தவர்

எங்களை ஆண்ட வெள்ளைக்காரர்கள் தேயிலையைத் தந்தார்கள், ரயிலைத் தந்தார்கள், கிரிக்கெட்டைத் தந்தார்கள். தங்கள் சமையலை மட்டும் தராமல் போனார்கள். அது எவ்வளவு பெரிய கருணை என்பது, ஜெர்மனியின் ஹம் நகருக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயப் படைமுகாமின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அகதிகள் விடுதியில் ஓர் அறைக்குள் ஆறு பேர் இருந்தோம். ஒருவர் குளிக்கவே மாட்டார், இன்னொருவர் குளியலறையை விட்டு வெளியே வரமாட்டார். நிரந்தர வேலை கிடைத்தால் தனியாக அறை எடுக்கலாம் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். முகாம் சமையலறையில் உதவிச் சமையற்காரர் இடம் ஒன்று காலியாக இருந்தது. நான் அங்கே இறைச்சி வெட்டும் கூலியாள். கதவைச் சாத்திக்கொண்டு தூங்க ஓர் அறை கிடைக்குமென்றால் எதையும் வெட்டத் தயாராக இருந்தேன்.

வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமை என்றால், அவித்தது போலவே தோன்றும் வாட்டிய மாட்டிறைச்சி. அதைக் காகிதம் போல் மெல்லிசாக அரிந்து, கிரேவி என்று அவர்கள் மரியாதையாக அழைக்கும் பழுப்புத் தண்ணீரில் நனைக்க வேண்டும். மிஞ்சிய துண்டுகளைத் திங்கட்கிழமை குளிரக் குளிரப் பரிமாறுவார்கள். செவ்வாய்க்கிழமை உப்புப் போட்ட பன்றித் தொடைத் துண்டு, அதன் தலையில் ஓர் அன்னாசி வளையம். அன்னாசி யாருக்கு என்ன கெடுதல் செய்ததோ தெரியாது.

ஒருநாள் தலைமைச் சமையற்காரர் என்னைக் கூப்பிட்டார். அவர் இங்கிலாந்தின் வடபகுதியைச் சேர்ந்தவர், நல்ல மனிதர், முகம் எப்போதும் சிவந்திருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு நான் பீஃப் ஆலிவ் செய்ய வேண்டும். அது சரிவந்தால் அந்த இடம் எனக்கு.

பீஃப் ஆலிவில் ஆலிவ் கிடையாது. மாட்டிறைச்சியை மெல்லிய துண்டாக அரிந்து, தட்டி, பாண் என்று நாங்கள் சொல்லும் ரொட்டியின் தூளும் வெங்காயமும் உள்ளே வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, கிரேவியில் வேகவைப்பது. உருளைக்கிழங்கு உரிக்கும் ஜெர்மன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் ரூலாடன் அல்லவா?" என்றார். போர் முடிந்து நாற்பது வருடமாகியும் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு நாடுகளும் சமாதானமாகவில்லை.

எனக்கு வேறொரு சிக்கல். ஊரிலிருந்து புறப்படும்போது அம்மா என் தலையில் கைவைத்து, "எங்கை போனாலும் மாடு தின்னாதை" என்று சத்தியம் வாங்கியிருந்தார். வெட்டுவது பற்றி அம்மா எதுவும் சொல்லவில்லை. சுருட்டுவது பற்றியும் சொல்லவில்லை. ஆனால் ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பது?

அங்கே தட்டுக் கழுவும் அண்ணை ஒருவர் இருந்தார். என் அறையில்தான் அவரும் படுப்பார். கத்தோலிக்கர், மாடு சாப்பிடுவார். அவருடைய நாக்கை இரவல் வாங்கினேன்.

"அண்ணை, இதை ஒருக்கா ருசி பாத்துச் சொல்லுங்கோ."

கரண்டியை நக்கிவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார். "சப்பெண்டு கிடக்கு தம்பி. உறைப்பு வேணும்."

மிளகுத்தூள் போட்டேன். "காணாது" என்றார். இன்னும் போட்டேன். "இன்னும் கொஞ்சம் போடும், பயப்பிடாதையும்." யாழ்ப்பாணத்து நாக்கை வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு உப்புப் பார்த்தால் வேறென்ன நடக்கும்? எனக்கு அது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு மண்டபத்தில் பெரிய இருமல் கேட்டது. பிறகு பத்து இருமல். என் அறை போய்விட்டது என்று சுவரில் சாய்ந்து நின்றேன். ஆனால் தட்டுகள் திரும்பி வந்தபோது கழுவத் தேவையில்லாத அளவுக்குத் துடைத்தெடுக்கப்பட்டிருந்தன. வியர்த்துப்போன சிப்பாய்கள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு வரிசையில் வந்தார்கள்.

தலைமைச் சமையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "இதற்கு ருசி பார்த்தது யார்?"

அண்ணை சோப்பு நுரையோடு கையை உயர்த்தினார்.

அந்த ஈரக் கையை அவர் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். வெட்டுவதற்கும் கட்டுவதற்கும் ஆள் கிடைக்கும், சமையற்காரருக்கு நாக்கு வேண்டும் என்றார். தன் வாழ்நாளில் ஒரு முட்டைகூடப் பொரிக்காத அண்ணைக்கு அந்த இடம் போனது. எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அண்ணை நல்லவர். அறை கிடைத்ததும் சாவியோடு என்னிடம்தான் வந்தார்.

"தம்பி, ரெண்டு கட்டில் போடலாம். நீரும் வாரும்."

"ஓம் அண்ணை, வாறன்" என்றேன். உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன்.

"ஆனா எனக்குச் சமைக்க ஏலாது. நீர்தான் பாக்கவேணும்."

குடிபோன அன்று நான் ஆசைப்பட்ட கதவை என் கையாலேயே சாத்தினேன். உள்ளே சின்ன அடுப்பில், அண்ணை விரும்பிக் கேட்ட மாட்டிறைச்சிச் சுருள்கள் வெந்துகொண்டிருந்தன. மணம் போக வழியில்லை. அவர் கட்டிலில் படுத்தபடியே குரல் கொடுத்தார்.

"தம்பி, உப்புப் பாக்கட்டே?"