ஈரமில்லாத ஒரு மூலை

வீட்டிலேயே தோட்டாவுக்குள் வெடிமருந்து அடைக்கிற மெஷின் வாங்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்று, கையிலிருந்த கரண்டி அவர் மேல் பறக்காதது அவருடைய நல்ல நேரம். ஆனால் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

கொடைக்கானலுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பூண்டுக்காடு இருக்கிறது. பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றும் வீட்டில் உண்டு. அதை வைத்து எதையும் கொல்வதில்லை, கொல்லவும் கூடாது. காட்டுமாடு இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். போன ஆடியில், விடிகிற நேரம், மேகத்துக்குள் ஒரு காட்டுமாடு எங்கள் பாத்தியில் நின்றது. இவர் விசையை இழுத்தார். டிக் என்றது. வேறு தோட்டா போட்டு இழுத்தார். அதுவும் டிக். மாடு திரும்பி இவரைப் பார்த்து வந்துவிட்டது. இரண்டாள் உயரக் கல்கட்டிலிருந்து குதித்துத்தான் தப்பித்தார். இடது கால் இன்னும் இழுக்கிறது.

மருந்து நமுத்துவிட்டது என்றார் தோட்டாக் கடைக்காரர். எங்கள் வீட்டில் உப்பே தண்ணீராக ஓடும், தோட்டா எம்மாத்திரம்?

"அப்பப்ப ரெண்டே ரெண்டு புதுசா அடைச்சுக்கிட்டா நமுக்காதுல்ல" என்றார் இவர். அதற்குத் தனி அனுமதி வேண்டுமாம். "அது வரும்போது வரட்டும். மெஷின மொதல்ல பாத்து வையி புள்ள. நீதான இங்கிலீஷ் படிச்சவ."

கான்வென்ட்டில் பத்தாவது வரை படித்த பாவத்துக்கு, செல்போனில் வெள்ளைக்காரர்களின் வீடியோவாகப் பார்த்துத் தீர்த்தேன். ஒரு மெஷினில் ஒரு தோட்டாவுக்கே கைப்பிடியை நாலைந்து தடவை இழுக்க வேண்டும். இன்னொன்றில் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா விழும். இவருக்கு அதன் மேல்தான் கண்.

"வருஷத்துக்குப் பத்து வெடி போடுறவருக்கு இது எதுக்குங்க? பட்டாளத்துக்கா சப்ளை பண்ணப் போறீக?"

சிரித்துவிட்டார். சின்னதே போதும் என்று முடிவானது. ஆனால் எந்த வீடியோவைத் திறந்தாலும் ஒரே எச்சரிக்கை. மருந்தை ஈரம் அண்டக் கூடாது, நெருப்பும் அண்டக் கூடாது. சரி, வைக்க இடம் பார்ப்போம் என்று இருவரும் வீட்டைச் சுற்றி வந்தோம். முன் அறையில் சுவரெல்லாம் வியர்த்து வழிகிறது. படுக்கிற அறையில் பீரோவுக்குள் இருக்கும் என் கல்யாணப் புடவையே பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. காய்ந்த இடம் அடுப்படி ஒன்றுதான். அங்கே விறகு அணைவதே இல்லை. அடுப்புக்கு மேலே புகையில் விதைப்பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டிருப்போம். இவர் அண்ணாந்து அதையே பார்த்தார்.

"வாயத் தெறந்தீக, நடக்கிறதே வேற" என்றேன்.

"நான் என்னத்தச் சொன்னேன்!" என்று வெளியே போய்விட்டார். அதன் பிறகு மெஷின் பேச்சே எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

ஐப்பசியில் நடவு வந்தது. காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, விதைப்பூண்டுக் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒரு கட்டு மட்டும் கனத்தது. பிரித்தேன். பூண்டுகளுக்கு நடுவே, காய்ந்த பூண்டுத் தாளாலேயே இறுக்கிக் கட்டி, கடையில் வாங்கிய எட்டுத் தோட்டாக்கள். புகை பிடித்துக் கறுத்திருந்தன. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தன.

ஐயோ கடவுளே! இதன் கீழே, அடுப்போரம் உட்கார்ந்துதான் என் மகள் தினமும் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். குளிருக்கு வேறு எங்கே உட்காருவாள்?

முந்தானையில் அள்ளிக்கொண்டு முன் அறைக்கு ஓடினேன். இவர் நடவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் கத்திய கத்தல் பக்கத்துக் காடு வரை கேட்டிருக்கும்.

"உசரத்துலதான புள்ள கட்டுனேன்" என்றார். காலைத் தடவிக்கொண்டார். "இன்னொரு தடவ டிக்குன்னா, இந்தக் கால வச்சுக்கிட்டு என்னால குதிக்க முடியாது. வேற எங்க வைக்க? நீயே சொல்லு, வச்சுடுறேன்."

இங்கேயே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்து போனார். ஒரு தோட்டா கூடக் கேட்கவில்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். மடியில் எட்டும் கிடந்தன. அடுப்படியில் பால் பொங்கி விறகில் வழிகிற சத்தம் கேட்டது. இவற்றோடு அங்கே போக முடியாது. இவற்றை எங்கே இறக்கி வைப்பதென்றும் தெரியவில்லை. பால் முழுக்கப் பொங்கித் தீரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.