அத்தைக்கு வராத கோடி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தக்காளியைப் பெட்டியில் அடுக்கியது. அதை ஏற்றிக்கொண்டு அவர் மட்டும் பாலக்கோடு சந்தைக்குப் போகையில், வேகத்தடையில் பைக் தூக்கிப்போட்டுத் தலையில் அடிபட்டது.

நான் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள். அப்பாவின் படத்தில் நெற்றிக்குப் பின்னால் மூளை கன்றியிருந்தது. கோபம் கூடலாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். மூன்று மாதத்தில் நடந்தார், பால் கறந்தார். தப்பித்தோம் என்று நினைத்தோம்.

ஐப்பசியில் அவருடைய ஒரே அக்கா கண்ணம்மாள் இறந்தார். அத்தை கல்யாணமாகிப் போன அன்று, பஸ்ஸுக்குப் பின்னால் ஊர் எல்லை வரை அழுதுகொண்டே சைக்கிள் மிதித்தவர் அப்பா. இப்போது செய்தி கேட்டு அழவில்லை. மாத்திரையின் மந்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடன்பிறந்தவன் கையால் போர்த்திய பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். நானும் அம்மாவும் கடத்தூரில் இருந்த அத்தை வீட்டுக்கு முதலில் போனோம். பாலக்கோட்டில் கோடி எடுத்துக்கொண்டு வருவதாக அப்பா சொன்னார். மூன்று மணி வரை வரவில்லை. போன் செய்தேன்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"வூட்லதான் பாப்பா. சாப்ட்டுப் படுத்திருக்கேன்."

"கோடி எடுக்கலையா? அத்தைய எடுக்கணும். எல்லாரும் உங்களுக்குத்தான் காத்துட்டிருக்காங்க."

"தெரியும். வெயிலா இருந்துச்சு, போகல."

"அத்தைப்பா."

"அதான் செத்துருச்சே. அப்புறம் எதுக்கு அவசரம்?"

குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. அவர் எதையும் மறந்திருக்கவில்லை. படத்தில் நான் பார்த்த அடி கொண்டுபோனது நினைவை அல்ல, பாசத்தை.

ஐந்து மணிக்கு அத்தையைக் கோடி இல்லாமலே எடுத்தார்கள்.