'இல்லை'யை அமுக்காத மல்லிகா அக்கா

நேற்று செஞ்சி பஸ் நிலையத்தில் நின்றபடியே கைப்பேசியில் ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். விரல் வழுக்கி என்னைப் பெண்ணாக்கிவிட்டது. திருத்துவதற்குள் 'பதிவாகிவிட்டது' என்று பச்சை டிக் வேறு. ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? எரிச்சலோடு நிமிர்ந்தால், பக்கத்து வண்டியில் வேர்க்கடலை வறுபடுகிற வாசனை. அது என்னை நேராகக் கொண்டுபோய்ப் பழைய கல்யாணத் தகவல் மையத்தின் மாடிப்படியில் நிறுத்தியது.

கீழே கடலை மண்டி, மேலே வரன் பார்க்கும் இடம். என் முதல் வேலை அங்கேதான். மாப்பிள்ளை, பெண் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நான் ஒரு படிவம் செய்தேன். மல்லிகா அக்கா தட்டச்சு செய்வார். அடுத்த ஆளுக்குப் போனாலே முந்தைய ஆளை அந்தப் படிவம் தானாகச் சேமித்துக்கொள்ளும். அக்கா கீபோர்டைத் துடைத்தால் அதையும் சேமிக்கும். ஒரு மாப்பிள்ளையின் நட்சத்திரம் பல நாள் 'ஜஜஜஜஜ' என்றே இருந்தது, நம்புங்கள். அதனால் மேதாவித்தனமாக ஒரு பூட்டுப் போட்டேன். இனிமேல் 'மாற்றங்களைச் சேமிக்கலாமா?' என்று கேட்கும். 'ஆம்', 'இல்லை' என இரண்டு பொத்தான். அன்று எனக்கு நானே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே வல்லத்திலிருந்து ஒரு பெரியவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். மகன் ஏழுமலை டிராக்டர் மெக்கானிக், வயது முப்பத்துநாலு. பெண் வீட்டார் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லையாம்.

"இன்னா தம்பி, எம் புள்ளைக்கு எப்ப மொத கல்யாணம் ஆச்சி? எனக்கே பத்திரிக்க வரலியே?"

பார்த்தால், 'இரண்டாம் திருமணம்' கட்டத்தில் டிக். அக்காவின் கை தவறியிருக்கிறது. கேட்டால், அது அவருக்கும் அப்போதே தெரிந்திருக்கிறது!

"தெரிஞ்சும் ஏங்க்கா 'ஆம்' குடுத்தீங்க? 'இல்லை'ய அமுக்கியிருந்தா போயிருக்குமே!"

"கல்யாணம் பேசற எடத்துல 'இல்ல'ன்னு அமுக்குவாங்களாடா? என் கையால செய்ய மாட்டேன். அப்பால திருத்திக்கலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்."

சண்டைக்கு வந்த பெரியவரோ, "அந்தப் பொண்ணு சொல்றது ஞாயந்தான்" என்று அக்கா பக்கம் சாய்ந்துவிட்டார். குற்றவாளி நான்தான் என்று முடிவாயிற்று. டிக்கை எடுத்தேன். 'இல்லை'யை அழித்து, 'போயிட்டு வரேன்' என்று எழுதினேன். அக்கா அதைச் சந்தோஷமாக அமுக்கினார். சில மாதங்களில் ஏழுமலைக்கு அனந்தபுரத்தில் பெண் அமைந்தது. பந்தியில் எனக்கு இரண்டு முறை பாயசம்.

கல்யாணம் ஆனவர் பெயரை நீக்க வேண்டுமல்லவா? 'அழித்துவிடலாமா?' என்று கேட்டது என் படிவம். தாலி கட்டிய கையோடு ஒருவரை அழிப்பதா? அக்கா மாட்டவே மாட்டேன் என்றார். எனக்கும் கை வரவில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் ஏழுமலைக்குப் பெண் வீட்டார் போன் செய்துகொண்டே இருந்தார்கள். அவர் மனைவிதான் எடுப்பாராம். "அவுரு சாப்ட்டுனு இருக்காரு. பொண்ணு எந்த ஊரு?"

அந்த மாடியில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். மல்லிகா அக்கா எந்த ஊரில் இருக்கிறாரோ, நினைத்தால் சிரிப்பு வருகிறது. கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரர் தூக்கிக்கொண்டு போனார். ஏழுமலைக்குத் தலை நரைத்துவிட்டது. அந்தப் பெட்டிக்குள் மட்டும் அவர் முப்பத்துநாலு வயதில் இன்னும் பெண் தேடிக்கொண்டிருக்கிறார்.